மாற்கு 5-ம் மூன்று ஓ.பி. சீட்டுகளும்

1/
வழக்கமான ஞாயிறு த்ரெட். இன்னிக்கு கொஞ்சம் நீளம். ஒரு டீயோட உட்காருங்க.

வேதாகமம் படிக்கிற பழக்கம் இல்லாதவங்களும் தாராளமா படிக்கலாம், கதையை நானே சொல்லிடறேன். மாற்கு சுவிசேஷம் 5-ம் அதிகாரம், 21-ம் வசனத்திலிருந்து கடைசி வரை. இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். ஏன்னு போகப் போகப் புரியும்.

2/
கதை இதுதான். யவீருன்னு ஒருத்தர், ஜெப ஆலயத் தலைவர். ஊரில் மரியாதைப்பட்ட மனுஷன். அவருடைய மகளுக்கு 12 வயது, சாகக் கிடக்கிறாள். அவர் இயேசுவின் காலில் விழுந்து, வந்து கை வையுங்கன்னு கெஞ்சுகிறார். இயேசு கிளம்புகிறார். பெருங்கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு கூடவே வருகிறது.

அந்தக் கூட்டத்துக்குள்ளே ஒரு பெண். 12 வருஷமாக உதிரப்போக்கு. பின்பக்கமாக வந்து அவர் உடையின் ஓரத்தைத் தொடுகிறாள். அந்த நொடியே ரத்தம் நின்றுவிடுகிறது.

3/
இதோடு முடிந்திருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் இயேசு நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். சீஷர்களுக்கு எரிச்சல். இவ்வளவு கூட்டம் மேலே விழுகிறது, இதில் யார் தொட்டதுன்னு எப்படிச் சொல்வது? அவர் நகரவில்லை. சுற்றிலும் பார்க்கிறார். கடைசியில் அவள் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து, நடந்த உண்மை முழுவதையும் சொல்கிறாள்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே யவீரு வீட்டிலிருந்து ஆள் வருகிறது. பிள்ளை இறந்துவிட்டது, இனி போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று.

4/
கேஷுவால்டியில் டியூட்டி பார்க்கிற எவனுக்கும் இந்த இடத்தில் கோபம் வரும். எனக்கு வந்திருக்கு.

பன்னிரண்டு வருஷப் பிரச்னை ஸ்டேபிள் கேஸ். நாளைக்குப் பார்க்கலாம். சாகக் கிடக்கிற குழந்தை எமர்ஜென்சி. ஸ்டேபிள் கேஸுக்காக நின்று, எமர்ஜென்சியைக் கோட்டை விடுவதா? நான் இப்படிச் செய்திருந்தால் மறுநாள் காலையில் என்கொயரி. ஊர்க்காரங்க கண்ணாடியை உடைச்சிருப்பாங்க. ஒரு காலத்தில் இதை ஜெபத்திலேயே கேட்டேன்: "ஆண்டவரே, அந்த அப்பா பக்கத்திலேயே நின்னுக்கிட்டு இருந்தாரே, அவர் முகத்தைப் பார்த்தீங்களா?"

5/
நான் வேலை பார்ப்பது செஞ்சிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. வாசலில் நின்றால் ராஜகிரி தெரியும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் மலையேறிவிட்டுப் போய்விடுவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள். நெல், கரும்பு, மல்லாட்டை. பாம்புக்கடி, பூச்சிமருந்து, பைக் விபத்து, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர்.

திங்கட்கிழமை என் மேசைக்கு மட்டும் 150 பேர் வரை வருவார்கள். நாலு மணி நேரம். கணக்குப் போட்டால் ஒருத்தருக்கு ஒன்றரை நிமிஷம். இதை சாக்காகச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவது நடந்த இடம் இப்படிப்பட்டது என்று காட்டத்தான்.

6/
ஒரு ராத்திரி டியூட்டி. பத்து மணிக்கு மேலே ஒரு ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே வயது. (அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தித்தான் எழுதறேன்.)

மூச்சு வாங்குது. படுக்க முடியல, உட்கார்ந்தேதான் இருக்காங்க. முகம் வீங்கி, கால் வீங்கி. நாக்கு, உள்ளங்கை எல்லாம் காகிதம் மாதிரி வெளுத்திருக்கு. ஹீமோகுளோபின் 3.8.

7/
புரியறதுக்காகச் சொல்றேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. இவங்களுக்கு 3.8.

ஒரே நாளில் இப்படி இறங்கியிருந்தால் உயிர் தங்கியிருக்காது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது உடம்பு பழகிக்கொள்கிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. அந்த இதயமும் ஒரு நாள் களைத்துப் போகும். அப்போதுதான் மூச்சு வாங்கும், கால் வீங்கும். இந்த நிலையில் ரத்தத்தைக்கூட வேகமாக ஏற்றக் கூடாது, இதயம் தாங்காது. மெதுவாக, நீர் பிரிய ஊசி போட்டு, கண்காணித்துக்கொண்டே ஏற்றணும்.

8/
ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப 108-க்குச் சொல்லிவிட்டு, கூட வந்த பையனிடம் பழைய சீட்டு ஏதாவது இருக்கான்னு கேட்டேன். மஞ்சப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தான். உள்ளே மூணு ஓ.பி. சீட்டு, பத்திரமாக மடிச்சு வெச்சிருந்தாங்க. ஐந்து மாதத்தில் மூணு தடவை வந்திருக்காங்க.

மூணும் என் கையெழுத்து.

9/
மூணிலும் கிட்டத்தட்ட ஒரே வரி. அசதி, தலைசுற்றல், கை கால் குடைச்சல். மூணிலும் ஒரே மாத்திரைகள். பி காம்ப்ளக்ஸ், கால்சியம், பாராசிட்டமால். ஹீமோகுளோபின் டெஸ்ட் எழுதவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகூட எழுதவில்லை.

கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்க மூணு செகண்ட் ஆகும். முதல் தடவையே பார்த்திருந்தால் வெளுப்பு தெரிந்திருக்கும். ஒன்றரை நிமிஷத்தில் மூணு செகண்ட் இருந்தது. அதனால் நேரமில்லைன்னு நான் சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, நான் அவங்க முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

10/
அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர் ஸ்கிரீனை இழுத்து மூடிவிட்டு, அவங்க காதுகிட்டே குனிந்து என்னவோ கேட்டாங்க. வெளியே வந்து என்னிடம் சொன்னாங்க: "எட்டு வருஷமா மாசத்துல பத்துப் பன்னெண்டு நாள் படுதாம் சார். கட்டி கட்டியா."

எட்டு வருஷம். சின்னப் பையன் பிறந்ததிலிருந்து. வீட்டுக்காரருக்கும் முழுசாத் தெரியாது.

ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்தில் நின்றேன். ஏம்மா, மூணு தடவை வந்தீங்களே, இதை ஏன் சொல்லலன்னு கேட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

11/
மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாங்க. "நீங்க கேக்கலியே சார்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "பின்னாடி அத்தினி ஆம்பளைங்க நிக்கறாங்க. மூணாவது வாட்டி சொல்லிறலாம்னுதான் வந்தேன். அப்பறம் சார்னு ஆரம்பிச்சேன். நீங்க அடுத்த ஆளக் கூப்ட்டுட்டீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவங்களுக்கு இருக்கு.

12/
ஆம்புலன்ஸ் போன பிறகு டியூட்டி ரூமில் வந்து உட்கார்ந்தேன். அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது மாற்கு 5. இதை அடையாளம், அற்புதம் என்று சொல்ல மாட்டேன். வரிசைப்படி படிக்கும்போது அந்த அதிகாரம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் 26-ம் வசனத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்த வசனத்தில் மாற்கு என்ன சொல்கிறார் தெரியுமா? அந்தப் பெண் அநேக வைத்தியர்களிடம் போய் மிகவும் கஷ்டப்பட்டாளாம். இருந்த பணம் எல்லாம் செலவாம். குணமாகாதது மட்டும் இல்லை, முன்னைவிட மோசமானாளாம்.

13/
இதே சம்பவத்தை லூக்காவும் 8-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். லூக்கா ஒரு வைத்தியர் என்பது திருச்சபை மரபு. பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் அவரை அப்படித்தான் குறிப்பிடுகிறார். லூக்கா எழுதும்போது, யாராலும் அவளைக் குணமாக்க முடியவில்லை என்பதைச் சொல்கிறார். ஆனால் வைத்தியர்கள் கையில் பட்ட கஷ்டம், அதனால் மோசமானது, இந்த இரண்டும் அங்கே இல்லை.

காலேஜில் படிக்கும்போது இதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். நம்ம ஆளு நம்மளை விட்டுக்கொடுக்கலடா என்று. அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை. எனக்கு லூக்கா தேவைப்படவில்லை, மாற்குதான் தேவைப்பட்டார்.

14/
நம்ம பழைய தமிழ் வேதாகமம் அவளைப் 'பெரும்பாடுள்ள ஸ்திரீ' என்கிறது. பெரும்பாடு என்பது சித்த வைத்தியத்தில் அதிக உதிரப்போக்குக்கு இருக்கிற பெயர். அதே சொல்லைத்தான் நாம், கஷ்டப்பட்டேன் என்பதற்கும் சொல்கிறோம், "பெரும்பாடு பட்டுட்டேன்" என்று. ரத்தமும் பாடும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து சர்ச்சில் கேட்ட சொல்தான். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

15/
அவள் ஏன் பின்பக்கமாக வந்தாள்? லேவியராகமம் 15-ம் அதிகாரம் படித்தால் தெரியும். உதிரப்போக்கு நிற்கிற வரை அவளுக்குத் தீட்டு. அவள் படுக்கும் படுக்கை, உட்காரும் மணை எல்லாம் தீட்டு. அதைத் தொடுகிறவர்களும் மாலை வரைக்கும் தீட்டு. அப்படியானால் அந்தக் கூட்டத்துக்குள் வந்ததே அவள் செய்த குற்றம். அதிலும் ஜெப ஆலயத் தலைவர் பக்கத்தில் நடந்துவருகிறார்.

இது ஏதோ பழைய காலத்து யூதர் கதை என்று நினைக்காதீங்க. 'வீட்டுக்குத் தூரம்' என்ற வார்த்தை இன்னும் நம்ம ஊரில் புழக்கத்தில் இருக்கு. தூரத்தில் உட்கார வெச்ச விஷயத்தை, பத்து ஆம்பளைங்க முன்னாடி மேசையில் வெச்சுப் பேசச் சொன்னால் எப்படிப் பேசுவாங்க?

16/
செஞ்சியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது திண்டிவனம். 1890-களில் அங்கே ஒரு மிஷனரி டாக்டர் இருந்தார், ஜான் ஸ்கடர். அவருடைய மகள் ஐடா, 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி ஆகப்போவதில்லை என்பதில் தெளிவாக இருந்த இளம்பெண். ஒரு ராத்திரி மூன்று வீடுகளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்து. மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

17/
அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் சி.எம்.சி. என்று சொல்கிற இடம் அப்படி வளர்ந்தது.

இந்தக் கதையை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கேன். எப்போதும் என்னை ஐடா பக்கத்தில்தான் வைத்துப் பார்த்துக்கொள்வேன். நல்ல பக்கம் அதுதானே. மூணு சீட்டைப் பார்த்த பிறகு தெரிகிறது, நான் இருந்தது கதவுக்கு உள்ளே, பயன்படாத ஆண் டாக்டராக. ஜான் ஸ்கடரையாவது அவர்கள் கூப்பிடவில்லை. இந்த அம்மா என்னைத் தேடி மூணு தடவை வந்தாங்க.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, ரத்த வங்கி வந்துவிட்டது. ஆனால் ஒரு பெண் வாயைத் திறந்து சொல்வதற்கான இடம் என் மேசையில் இல்லை.

18/
இப்போ மறுபடியும் அந்தத் தெருவுக்கு வருவோம். அவர் ஏன் நின்றார்? குணமாக்குவதற்கு இல்லை. அது ஏற்கெனவே நடந்துவிட்டது. அவர் நடந்துகொண்டே இருந்திருந்தால் அவள் ரத்தம் நின்ற உடம்போடு, மறைத்த ரகசியத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள். திருடிக்கொண்டு வந்தது போல.

அவள் உண்மை முழுவதையும் சொன்னாள் என்று மாற்கு ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பன்னிரண்டு வருஷக் கதை. போன வைத்தியர்கள், விற்ற நகை, தள்ளிவைத்த வீடு. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவ்வளவு நேரமும் அவர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

கேட்டு முடித்துவிட்டு அவளை 'மகளே' என்கிறார். சுவிசேஷங்களில் அவர் ஒரு தனிப் பெண்ணை நேராக அப்படிக் கூப்பிடுவது இங்கே மட்டும்தான். யவீருவின் மகளுக்காகக் காலில் விழ ஒரு அப்பா இருந்தார். இவளுக்காகப் பேச யாரும் இல்லை.

19/
அப்படியானால் எமர்ஜென்சியை விட்டுவிட்டு ஓ.பி. பார்க்கணுமா? கூடாது. பாம்பு கடித்த குழந்தை வந்தால் நான் ஓடணும், ஓடுவேன். அவர் அந்த வீட்டுக்குப் போய், இறந்த பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பினார். எனக்கு அது முடியாது. அவர் செய்ததை அப்படியே காப்பி அடிக்க எனக்கு அதிகாரமும் இல்லை, சக்தியும் இல்லை.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். 'ஸ்டேபிள்' என்று நான் எழுதுவது, இப்போதைக்கு உயிர் போகாது என்பதற்கு. அதை நான், காத்திருக்க வைத்தால் பரவாயில்லை என்று படித்துக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நாம் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நாளை வருவதே இல்லை. 3.8 ஆகும்போதுதான் அவர்கள் எமர்ஜென்சி ஆகிறார்கள்.

20/
அந்த அம்மா பிழைச்சுக்கிட்டாங்க. ரத்தம் ஏத்தினாங்க, ஸ்கேனில் கர்ப்பப்பை கட்டி தெரிந்தது, உடம்பு தேறின பிறகு ஆபரேஷன். நான் செய்த தப்பை இது அழித்துவிடாது. ஒரு அரை மணி நேரம் ஆட்டோ தாமதமாகியிருந்தால் இந்தத் த்ரெட் வேற மாதிரி இருந்திருக்கும், அல்லது நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அவங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு சார், நீங்கதான அன்னிக்கி அனுப்பி வெச்சீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவங்க எதிர்பார்ப்பை நாங்கள் எவ்வளவு கீழே இறக்கி வெச்சிருக்கோம்னுதான் தோணிச்சு.

21/
மேசையை இப்போ திருப்பிப் போட்டிருக்கேன். நோயாளி உட்காரும் ஸ்டூல் என் பக்கத்தில், வரிசை வாசலுக்கு வெளியே. பெண்களிடம் மாதவிடாய் பற்றி சிஸ்டர் முதலிலேயே கேட்டு ஓரத்தில் ஒரு குறி போட்டுவிடுவாங்க. யாராக இருந்தாலும் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறேன். சீட்டைக் கொடுப்பதற்கு முன்னாடி ஒரே கேள்வி: "அப்பறம்?"

பத்தில் எட்டு பேர் ஒண்ணுமில்லன்னு எழுந்து போயிடுவாங்க. மற்ற ரெண்டு பேர் அப்போதுதான் வந்த விஷயத்தையே ஆரம்பிப்பாங்க. திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு இன்னமும் மறந்துபோகிறேன். அது என்னுடைய போராட்டம்.

22/
பெண்கள் கவனத்துக்கு, டாக்டராக. மாதவிடாய் 7 நாளுக்கு மேல் போவது, கட்டி கட்டியாகப் படுவது, ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, பச்சரிசி, சாம்பல், மண் தின்னத் தோணுவது. இதில் எது இருந்தாலும் வந்து காட்டுங்க. மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் தெரிந்தால் ஒரு சொட்டாக இருந்தாலும் உடனே வாங்க. அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீங்க, உடம்பில் சேராது.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்கில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க வீட்டிலும் ஒருத்தர் இருப்பாங்க. ஜெபம் பண்ணுங்க, டெஸ்டும் எடுங்க. ரெண்டுக்கும் சண்டை இல்லை.

23/
யவீரு வீட்டில் கடைசியில் ஒரு சின்ன விஷயம் நடக்கும். பிள்ளை எழுந்து நடக்கிறாள், எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் இயேசு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். அவ்வளவு பெரிய அற்புதத்துக்கு நடுவில் பிள்ளைக்குப் பசிக்குமே என்று அவருக்குத்தான் தோணியிருக்கு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுகிற நம்ம வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தைப் படிங்க.

24/
ஜெபிப்போம். விருப்பம் இல்லாதவங்க அடுத்ததுக்குப் போயிடலாம்.

ஆண்டவரே, கூட்டத்துக்கு நடுவில் ஒரு கை பட்டதை உணர்ந்து நின்றவரே. என் மேசைக்கு வருகிற முகங்களை நான் நிமிர்ந்து பார்க்கச் செய்யும். நான் அவசரத்தில் வாயடைத்தவர்களை நீர் கேட்டீர், அதற்கு நன்றி. சொல்ல முடியாமல் வீட்டில் படுத்திருக்கிற அம்மாக்களுக்கு, அக்காக்களுக்கு, கேட்பதற்கு ஒரு ஆளைக் கொடும். வாசலில் தவித்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களையும் மறவாதேயும். என் கையால் மோசமானவர்கள் யாராவது இருந்தால், அவர்களை எனக்கு ஞாபகப்படுத்தும். தாங்கிக்கொள்ளப் பெலன் தாரும். ஆமென்.

25/
போன மாசம் அந்த அம்மா செக்கப்புக்கு வந்தாங்க. பையில் மல்லாட்டை. கூடவே அவங்க நாத்தனார். வெளுத்துப்போய், முந்தானையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டூலில் பாதிதான் உட்கார்ந்தாங்க. ஒண்ணும் பேசல. நான் கண்ணைப் பார்த்தேன், டெஸ்ட் எழுதினேன்.

அந்த அம்மா அவங்க தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. "சொல்லுடி. இந்த சார் கேப்பாரு."

பேனாவைக் கீழே வெச்சுட்டு, கேட்டேன்.